ஏழு மணிச் செய்திக்கு ஒரு பெயர்

வளைகுடாவில் தமிழ்ப் பத்திரிகையாளர் என்றால் பொன்னாடையைப் படம் எடுப்பவர் என்று அர்த்தம். யார் யாருக்குப் போர்த்தினார், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர் யார், ஓரத்தில் பாதித் தலை மட்டும் தெரிகிறவர் யார் என்று இடமிருந்து வலமாக எழுதத் தெரிந்தால் போதும், வேலை நிச்சயம். திருநெல்வேலியில் இதழியல் படித்துவிட்டு ஷார்ஜாவுக்கு விமானம் ஏறியபோது, எண்ணெயையும் போரையும் பற்றி எழுதிக் கிழிக்கப்போகிறேன் என்று நினைத்திருந்தேன். மூன்று வருடமாகப் பொன்னாடைதான் எழுதிக்கொண்டிருந்தேன்.

பத்திரிகையின் பெயர் 'வளைகுடா வாசல்'. வாரத்துக்கு ஒரு முறை வரும். விளம்பரம் குறைந்தால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும். ரோலாவில் கார்மேகம் அண்ணன் நடத்தும் டிராவல்ஸ் ஆபீசில், டிக்கெட் போடுகிற கவுண்டருக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் நான். என் விசாவில் 'டைப்பிஸ்ட்' என்று இருந்தது. செய்தி எடுப்பது, படம் எடுப்பது, பக்கம் கட்டுவது, நகைக்கடைக்காரரிடம் விளம்பரத்துக்கு நடையாய் நடப்பது எல்லாம் டைப் அடிப்பதில் சேர்த்தி.

"சுபிஷா, நியூஸுன்னா என்னாம்மா? பேரு," என்பார் கார்மேகம் அண்ணன். அவர் ராமநாதபுரத்துக்காரர். "அவன் பேரு பேப்பர்ல வந்தா நாலு காப்பி வாங்கி ஊருக்கு அனுப்புவான். விட்டுப்போச்சுன்னா போனப் போட்டு நம்ம உசிர எடுப்பான். அம்புட்டுத்தேன் ஜர்னலிசம்."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். மேசையில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். எழுந்து ஜன்னல் வரை போவேன், கீழே கார்கோ கடையில் அட்டைப்பெட்டி கட்டுகிறவர்களைப் பார்ப்பேன், திரும்பி வருவேன், மறுபடி எழுந்துகொள்வேன். "நாற்காலில முள்ளு கிள்ளு இருக்கா?" என்று அண்ணன் கேட்பார். முள் நாற்காலியில் இல்லை. என்னோடு படித்தவள் சென்னையில் சட்டசபைச் செய்தி கொடுக்கிறாள். நான் முவைலாவில் ஒரு ஓட்டல் திறப்பு விழாவில், ரிப்பன் வெட்டியவர் பெயருக்கு முன்னால் 'தொழிலதிபர்' போடுவதா 'சமூக சேவகர்' போடுவதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறேன். வயிறு எரியாதா?

2006 தொடக்கத்தில் ஒரு வழி தெரிந்தது. சென்னையில் ஒரு செய்திச் சேனல் வளைகுடாவுக்கு நிரந்தர நிருபர் ஒருவரைத் தேடியது. சொந்த விசா, சொந்தப் பெயர், சொந்தக் குரல். எனக்கும் துபாயில் விளம்பரக் கம்பெனியில் இருந்த ஒருவருக்கும் போட்டி. செய்தி ஆசிரியர் ஸ்ரீனிவாசன் போனில் பேசுவார். நான் அனுப்பிய மூன்று செய்திகளைப் போட்டிருந்தார். மூன்றிலும் என் பெயர் இல்லை.

"நீங்க நல்லாப் பேசுறீங்க சுபிஷா. ஆனா நீங்க அனுப்புறதெல்லாம் நிகழ்ச்சி. எனக்குச் செய்தி வேணும். மத்த யாருகிட்டயும் இல்லாத ஒண்ணே ஒண்ணு குடுங்க. வேலை உங்களுக்குத்தான்."

அன்றிலிருந்து நான் எங்கேயாவது ஏதாவது நடக்காதா என்று பேயாய் அலைந்தேன். அப்படி அலைவது எவ்வளவு அசிங்கம் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். நல்லது நடந்தால் அது நிகழ்ச்சி, கெட்டது நடந்தால்தான் அது செய்தி.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது.

வெள்ளிக்கிழமைதான் இங்கே எங்களுக்கு ஞாயிறு. நான் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர்க்காரி. எங்கள் ஊரை நாங்கள் 'கரை' என்போம். ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள், எல்லோரும் மாதா கோயிலில் இருப்பார்கள். வளைகுடாவில் ஞாயிறு வேலைநாள் என்பதால் பூசை வெள்ளிக்கு மாறியது. ஊர்த் திருவிழாவையும் அதையொட்டி வருகிற ஒரு வெள்ளியில் ஷார்ஜா கோயிலில் வைத்துக் கொண்டாடிவிடுவோம். வருடத்துக்கு ஒருவர் திருவிழாவை ஏற்று எடுப்பார். அவர் முந்தின நாளிலிருந்து ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து, வெள்ளை உடுத்து, தன் கையால் கொடிக்கயிறு இழுக்க வேண்டும். மாதாவுக்குச் சொன்ன வார்த்தை, இடையில் விட முடியாது. அந்த வருடம் ஏற்றிருந்தவன் ரெனீஷ். அஜ்மானில் ஒரு அரபியின் படகில் மீன் பிடிக்கிறவன். காலையில் அவன் கொடி ஏற்றுவதை நான்தான் படம் எடுத்தேன். "சுபிக்கா, நல்லா எடுங்க, அம்மைக்கு அனுப்பணும்," என்றான்.

பூசை முடிந்து எல்லோரும் பிரியாணிக்கு வரிசையில் நிற்கும்போது கார்மேகம் அண்ணன் போன் செய்தார். "அஜ்மான்ல ஒரு படகு கவுந்துருச்சாம்மா. ஒரு ஆளு காலி. உங்க பக்கத்து ஆளு போலருக்கு." நான் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். டாக்சியில் ஏறியதும் முதல் வேலையாகச் சென்னைக்குப் போன் போட்டேன். துக்கம் அப்புறம்தான் வந்தது, வெட்கமாக இருந்தாலும் அதுதான் வரிசை. ஸ்ரீனிவாசன் உடனே சொன்னார்: "ஏழு மணி புல்லட்டின்ல உங்களைப் போன்ல எடுக்குறேன். பேரும் ஊரும் முக்கியம்." சென்னையில் ஏழு என்றால் எங்களுக்கு மாலை ஐந்தரை.

அஜ்மான் மீன்துறையில் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. கடலில் போட்டிருந்த மீன்கூடுகளைத் தூக்க விடிவதற்கு முன்னால் போன சிறிய படகு அது, இரண்டு பேர் போகிற படகு. சடலத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள், போலீசும் போய்விட்டது. படகுகளின் ஓரத்தில் எங்கள் மாவட்டத்துக்காரர்கள் சிலர் கைகட்டி நின்றார்கள். கொல்லங்கோட்டுக்காரர் ஒருவரைக் கேட்டேன்.

"ஆரு, எந்தக் கரை?"

"ஒங்க கரதான். ரெனீஷ். கூடப் போன கிறிஸ்துதாஸ் பெழச்சுட்டாரு."

எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "சும்மா இரியும். ரெனீஷ நான் இப்பம்தானே கோயில்ல..."

பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். "செத்தவன்ட்ட இருந்த ஐடி கார்டு ரெனீஷுக்க கார்டு. கிறிஸ்துதாஸும் அதத்தான் போலீஸ்ல சொன்னாரு," என்றார். பிறகு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் தெரியும் என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் கரையில் இது சாதாரணம். ஒருவனுக்குக் காய்ச்சல், கல்யாணம், கோயில் காரியம் என்றால் அவன் இடத்தில் தம்பியோ மச்சானோ வள்ளத்தில் ஏறுவான். ஆள் மாறிப் போவது என்று சொல்வோம். யாரும் யாரையும் கேட்பதில்லை, வள்ளம் போனால் சரி. அதே பழக்கத்தை இவர்கள் இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். இங்கே ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கார்டு, ஒவ்வொரு கார்டுக்கும் கஃபீல் என்று பொறுப்பேற்கிற ஒரு அரபி. முகம் மாறினால் குற்றம். ஆனால் அரபிக்கு மீன் வந்தால் போதும், கடற்காவலர் கார்டைத்தான் பார்ப்பார்கள், ஒரே சாயலில் இருக்கும் பெரியம்மை மகனும் சித்தி மகனும் கார்டை மாற்றிக்கொண்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

ரெனீஷின் பெரியம்மை மகன் என்றால் விபின். சவூதியில் ஜுபைலில் பைப் வெல்டிங் காம்ப்பில் மூன்று வருடம் இருந்துவிட்டு, அஜ்மானுக்கு விசிட் விசாவில் வந்து, விசா முடிந்தும் திரும்பாமல் ரெனீஷின் ரூமில் ஒண்டிக்கிடந்தவன். சட்டப்படி அவன் இந்த நாட்டிலேயே இல்லை.

நான் ரூமுக்குப் போனேன். அஜ்மானில் ஒரு பழைய வில்லாவைப் பலகை அடித்துப் பிரித்த அறை. வாசலில் செருப்புக் குவியல், உள்ளே ஒரு சத்தம் இல்லை. நான் கதவைத் தட்டியதும் ஒருவர் எட்டிப் பார்த்து, என்னை உள்ளே விட்டு, மறுபடி தாழ் போட்டார். கட்டிலில் கிறிஸ்துதாஸ் மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்கு மேல், எங்கள் ஆட்களுக்கு அஜ்மானில் அவர்தான் பெரியவர் மாதிரி. அவர் கைகள் கயிறு அறுத்து வீங்கியிருந்தன. மூலையில் கொடியேற்றத்துக்கு உடுத்திய வெள்ளை வேட்டியோடு ரெனீஷ் தரையில் கிடந்தான்.

"வா மக்ளே, இரி," என்றார் மாமா. "ஒனக்குத் தெரிஞ்சிட்டு, என்னா?"

"விபினா?"

தலையை ஆட்டினார். "காத்து கேறிட்டு. கூடு தூக்கும்போ ஒரு அல வந்து வள்ளத்த மறிச்சிட்டு. நான் அவனுக்க கையப் பிடிச்சிட்டுத்தான் கெடந்தேன். ரொம்ப நேரம் பிடிச்சிட்டுக் கெடந்தேன் மக்ளே." வீங்கிய உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

பிறகு அவரே சொன்னார். "போலீஸு கார்டப் பாத்துட்டு, இது ரெனீஷான்னு கேட்டாவ. ஆமான்னு தலைய ஆட்டிட்டேன். வேற என்ன சொல்லட்டு? விபின்னு ஒருத்தன் இங்க இல்லியே. அவன்னு சொன்னா பாடி எப்பம் ஊருக்குப் போவும்? நானும் இந்தப் பயலும் உள்ள போவோம். ரெனீஷ்னு போனா ஒரு வாரத்துல போய்ச் சேரும். அங்க சாமியார்ட்ட சொல்லி விபினா அடக்கிக்கிடலாம். இவன் எம்பசில அவுட்பாஸுன்னு ஊருக்குப் போற தாளு வாங்கிப் பின்னால வருவான்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஒரு கரை முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தால் நடக்கும். எங்கள் கரைக்கு வாயை மூடத் தெரியும், வேண்டும்போது மட்டும்.

"நீ டிவியில ஒண்ணும் சொல்லாண்டாம் மக்ளே," என்றார் மாமா. "ஒரு வாரம்."

அப்போது என் போன் அடித்தது, சென்னை. நான் வெளியே படிக்கட்டுக்கு வந்தேன்.

"என்ன சுபிஷா, தூங்குறீங்களா?" ஸ்ரீனிவாசன் கத்தினார். "அடுத்த சேனல்காரன் ரெனீஷ்னு பேரு போட்டுட்டான். ஊர்ல அவங்க வீட்டுக்கே கேமரா போயிருச்சு. ஏழு மணிக்கு அங்கிருந்து லைவ் பண்றானாம். நீங்க ஸ்பாட்ல இருக்கீங்க, உங்ககிட்ட பேரு இல்லையா?"

"அந்தப் பேரு தப்பு சார்," என்று சொல்லிவிட்டேன்.

வாய்தான் எனக்கு எதிரி. அந்தப் பக்கம் அவர் குரல் தாழ்ந்து, தேனாக வந்தது. "தப்பா? அப்ப செத்தது யாரு?"

"உறுதி பண்ணிட்டுச் சொல்றேன் சார்."

"அந்த ரெனீஷ் உயிரோட இருக்கானா? நீங்க பாத்தீங்களா? சுபிஷா, கேளுங்க. ஏழு மணிக்கு நீங்கதான் முதல் செய்தி. அவன் இழவு வீட்டைக் காட்டிக்கிட்டு இருக்கும்போது, செத்தவன் உயிரோட இருக்கான்னு நாம சொல்றோம். நாளைக்கே உங்க ஆர்டரை அடிக்கச் சொல்றேன். நான் வார்த்தை மாற மாட்டேன்."

அவர் வார்த்தை மாறுகிறவர் இல்லை என்று எனக்கும் தெரியும். படிக்கட்டில் நின்றேன். கீழே யாரோ மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். என் கால் ஆடிக்கொண்டிருந்தது. மனதில் முதல் வரி தானாக வந்து நின்றது: 'அஜ்மானில் இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட குமரி மீனவர், சற்று முன் நம்மிடம் பேசினார்.' நல்ல வரி. இன்றைக்கும் அது நல்ல வரிதான். சொந்த விசா, சொந்தப் பெயர், பொன்னாடைகளிலிருந்து விடுதலை எல்லாம் அந்த ஒரு வரியில் இருந்தது. மாமாவின் கணக்கு ஒரு பொய். உண்மையைச் சொல்வதுதானே என் வேலை? தப்பே இல்லை என்று என்னையே தேற்றிக்கொண்டு உள்ளே போனேன். ரெனீஷை ஒரு வார்த்தை பேச வைத்துவிட்டால் போதும்.

"லேய் ரெனீஷ், ஒனக்க அம்மைக்குத் தெரியுமா நீ உசிரோட இரிக்கியது?"

"மத்தியானமே போன் போட்டுச் சொல்லிட்டேன் சுபிக்கா." தரையைப் பார்த்துத்தான் பேசினான். "ஆருட்டயும் சொல்லாண்டாம்னு மாமா சொன்னாவ. அம்மை ஒண்ணும் மிண்டாம இரிக்கியாவ."

"அப்பம் பெரியம்மை? விபினுக்க அம்மை எங்க?"

அவன் வேட்டி நுனியைச் சுருட்டினான். நான் மறுபடி கேட்டேன்.

"எங்க வீட்டுலதான்," என்றான். "டிவியில எனக்க பேரப் பாத்துட்டு ஓடி வந்தாவளாம். அம்மையக் கெட்டிப் பிடிச்சிட்டுக் கரையியாவளாம்."

கரைவது என்றால் எங்கள் ஊரில் அழுவது. விபினின் அம்மா தங்கபுஷ்பம் மாமியை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி. மீன் கூடையை இறக்கி வைத்தால் தெருவே கேட்கும்படி பேசுகிறவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாகப் போய்ச் செத்தவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்துகொள்வார். அவர் அழுதால் கல்லும் கரையும் என்பார்கள். இப்போது தங்கையின் வீட்டில், தங்கையின் மகனுக்காக, நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுகிறார். தங்கை எல்லாம் தெரிந்தும் வாய் திறக்காமல் அவர் மடியில் கிடக்கிறாள். அடுத்த சேனலின் கேமரா அதைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது.

"அவங்கட்ட ஆரு சொல்லப்போறது?" என்று கேட்டேன்.

மாமா கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டார். "பெட்டி போய்ச் சேரட்டு மக்ளே. தொறக்கும்போ தெரியத்தானே போவுது."

எனக்கு வந்த கோபம் எங்கேயிருந்து வந்தது என்று தெரியவில்லை. "தொறக்கும்போவா?" என்று கத்தினேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். "ஒரு வாரம் இந்த அம்மை ரெனீஷுக்குக் கரையணும். பொறவு ரெனீஷக் கடைசியாப் பாக்கணும்னு பெட்டிப் பக்கத்துல வந்து குனிவாவ. உள்ள தனக்க மவன் கெடப்பான். அதானே ஒங்க கணக்கு? ஒம்ம பொண்டாட்டிக்கு இதச் செய்வீரா மாமா? மனுசனா நீரு?"

அவரை அப்படி யாரும் பேசியதில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? ஏழு மணிக்கு நான் டிவியில் பேசியிருந்தால், அந்த வீட்டில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, பக்கத்து வீட்டு டிவியிலிருந்து மாமி தெரிந்துகொண்டிருப்பார். மாமா பெட்டியில் வைத்துத் தர நினைத்ததை நான் பெட்டியில்லாமல் தரப் பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"நம்பரப் போடு," என்று ரெனீஷிடம் சொன்னேன். "பெரியம்மைக்க நம்பர்."

"நான் எப்படி சுபிக்கா..."

"நீதான் சொல்லணும். ஒனக்க கொரலக் கேட்டாத்தான் அவங்க நம்புவாவ."

அவன் மாமாவைப் பார்த்தான். அறையே அவரைப் பார்த்தது. இந்தப் போன் போனால் அந்த வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், கேமராவுக்கும் தெரிந்துவிடும். இரவுக்குள் போலீஸ் இங்கே கதவைத் தட்டும். என் செய்தியும் அதோடு போயிற்று. ஏழு மணிக்கு அடுத்த சேனல்காரன் என் வரியைச் சொல்லுவான். எனக்கு அது தெரியாமல் இல்லை.

கிறிஸ்துதாஸ் மாமா கம்பளியை எடுத்து ஓரமாக வைத்தார். துணிக்கொடியில் கிடந்த சட்டையை எடுத்து, வீங்கிய விரல்களால் பொத்தான் போட முயன்றார். பக்கத்தில் இருந்தவர் போட்டுவிட்டார். "நான் ஸ்டேஷனுக்குப் பெய்ட்டு உள்ளதச் சொல்லியேன்," என்றார். "அதுக்குள்ள நீ போனப் போடுலே."

ரெனீஷ் எழுந்து உட்கார்ந்தான். நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். நீண்ட நேரம் அடித்தது. என் பையில் என் போனும் அடித்தது. சென்னை. எடுக்கவில்லை, மறுபடி அடித்தது, அணைத்துவிட்டேன்.

அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். ஒப்பாரி, ஆட்களின் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம் எல்லாம் சேர்ந்து வந்தது. "ஆரு? உறக்கப் பேசு, எழவு வீடாக்கும்." மாமியின் குரல் அழுது அழுது கட்டியிருந்தது.

"பெரியம்மை," என்றான் ரெனீஷ். "நான் ரெனீஷ்."

ஒப்பாரியை மீறும்படி குரலை உயர்த்தி அவன் மறுபடி சொன்னான். "பெரியம்மை, நான் ரெனீஷாக்கும்."

"எனக்க மாதாவே!" அந்த அலறலில் போன் கரகரத்தது. "ரெனீஷா? எனக்க தங்கமே! ஏட்டி, ஒனக்க மவன் பேசியான்டி! உசிரோட இரிக்கியான்! கரையாதுங்கட்டி, ஆரும் கரையாதுங்க, பிள்ள சாவல்ல!" மாமி சிரித்தார். ஆமாம், சிரித்தார். அழுகையும் சிரிப்பும் கலந்து மூச்சு வாங்கியது. "எவன்லே அது டிவியில பொய் சொன்னது? மக்ளே, நீ வள்ளத்துக்குப் போவல்லியா?"

"இல்ல பெரியம்மை. நான் கொடியேத்தக் கோயிலுக்குப் போனேன்."

"மாதா காத்தா. நான் அப்பமே சொன்னேன், அவ கைவிடமாட்டான்னு." தங்கையிடம் திரும்பி ஏதோ சொன்னார். அதுவரை வாய் திறக்காமல் இருந்த ரெனீஷின் அம்மா அப்போதுதான் ஓவென்று அழத் தொடங்கினாள். எங்களுக்கு இங்கே கேட்டது. "என்னட்டி, இப்பம் எதுக்குக் கரையிய? அதான் உசிரோட..." மாமியின் பேச்சு நின்றது.

ரெனீஷ் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

"மக்ளே," என்றார் மாமி, மெதுவாக. "அப்பம் வள்ளத்துல ஆரு போனது?"

அவன் போனை என் கையில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

"மாமி, நான் சுபிஷா பேசியேன்."

"சுபிஷாவா? நீயும் அங்க இரிக்கியா பிள்ளே?" அவர் குரலில் ஒரு தெம்பு வந்தது, எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. "நீ பேப்பர்காரியில்லா. ஒனக்குச் சரியாத் தெரியும். சொல்லு மக்ளே. ஆரு போனது?"

மூன்று வருடம் செய்தி எழுதியவள் நான். எப்படிச் சொன்னால் வலிக்காது என்று ஒரு வரிகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"விபின், மாமி," என்றேன். "ரெனீஷுக்குப் பதிலா விபின் போனான். விபின்தான் போய்ட்டான் மாமி."

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் இருந்தது. தங்கையின் அழுகை, யாரோ ஓடி வருவது, கேமராக்காரன் யாரையோ விலகச் சொல்வது. மாமியின் சத்தம் மட்டும் இல்லை. போனைக் கீழே போட்டுவிட்டாரோ என்று பயந்து, "மாமி, மாமி," என்று கூப்பிட்டேன்.

கடைசியில் பேசினார். அழவில்லை, கத்தவில்லை. விவரம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"அப்பம் இவ்ளோ நேரம் நான் ஆருக்குப் பிள்ளே கரஞ்சேன்?"